விருந்தாளியின் நாற்பத்தோராம் பாடம்

மெக்ஸிகோ சம்பந்தி வரட்டும், இருக்கட்டும், போகட்டும். அந்த ஆளுக்காக ஒரு ஸ்பானிஷ் வார்த்தைகூடப் படிக்க மாட்டேன் என்று லிஃப்ட் மெக்கானிக் சபதம் போட்டார். மகள் கட்டிக்கொண்டது மகனை. அப்பாவோடு இவருக்கு என்ன பேச்சு?

"உங்க இஷ்டங்க," என்றாள் மனைவி.

அவ்வளவுதான். சண்டை இல்லை, பாத்திரச் சத்தம் இல்லை. அங்கேதான் அவருக்குச் சந்தேகம் பிடித்தது.

மறுநாளே வீட்டுக் கம்ப்யூட்டரில் ஸ்பானிஷ் கற்றுத்தரும் மென்பொருள் ஏறியது. சாயங்காலமானால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஏதோ பேசுவாள். நடுநடுவே விழுந்து விழுந்து சிரிப்பாள். இருபத்தாறு வருஷத்தில் அவருடைய எந்த ஜோக்குக்கும் அப்படிச் சிரித்ததில்லை.

"யாருகூடச் சிரிக்கிற?"

"பாடங்க."

"பாடத்துல சிரிக்க என்னடி இருக்கு?"

"சொன்னா உங்களுக்குப் புரியாதுங்க. அது ஸ்பானிஷ்."

அவருக்கு வயிறு எரிந்தது. பாடமாவது, மண்ணாவது! அந்தப் பக்கம் இருப்பது சம்பந்திதான். தலைக்கு அடிக்கிற மை, குறட்டை, பல்லியைக் கண்டு கட்டிலில் ஏறியது எல்லாம் மெக்ஸிகோ போய்ச் சேருகிறது. நாளைக்கு அந்த ஆள் முன்னால் எந்த முகத்தோடு நிற்பது?

வேவு பார்த்தே ஆக வேண்டும்; அதற்கு அவள் பேசுவது புரிய வேண்டும். ஒரே சந்தாவில் வீட்டில் மூன்று பேர் படிக்கலாம். 'விருந்தாளி' என்று ரகசியமாகப் பெயர் கொடுத்துப் புகுந்தார். எந்த நாட்டு ஸ்பானிஷ் வேண்டும் என்று கேட்டது. எதையும் கம்பெனியிலேயே நேராக வாங்குவதுதான் அவர் பழக்கம். ஸ்பெயினைத் தட்டினார். ஒன்பதாவது மாடிக்கு மேலே, லிஃப்ட் மோட்டார் ரூமில், சாப்பாட்டு நேரத்தில் போனிலேயே படிப்பு நடந்தது.

ஒரு வாரம் போயிருக்கும். மனைவி போனில் மகளிடம் தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசினாள். "ஸ்பெயின்காரங்க பேச்சே வேறயாம்டி. உன் மாமனார் பேசறதுக்கு மெக்ஸிகோ ஸ்பானிஷ்தான் படிக்கணுமாம். நான் அதைத்தான் எடுத்திருக்கேன்."

பார்த்தாயா! என்னிடமிருந்து தப்பிக்க நாட்டையே மாற்றுகிறாள். விடுவாரா? அவரும் மாற்றிக்கொண்டு முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்தார்.

வெறி என்றால் அப்படி ஒரு வெறி. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட வக்கீலுக்கு வெளியிலிருந்து ஸ்பானிஷில் ஆறுதல் சொன்னார். வக்கீல் உள்ளேயே அழுதுவிட்டார்.

மூன்று மாதம். நாற்பத்தொரு பாடம். அன்று சாயங்காலம் கதவோரம் நின்று காதைத் தீட்டினார். ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.

என் தொப்பி எங்கே? தொப்பி மேஜை மேலே. பூனை எங்கே? பூனை தொப்பி மேலே.

உடனே ஒரு சிரிப்பு.

மறுநாளும் தொப்பி, பூனை, சிரிப்பு. மூன்றாம் நாளும் அதே. பொறுக்க முடியாமல் உள்ளே பாய்ந்தார்.

"மூணு மாசமா தொப்பியும் பூனையுமா? முதல் பாடத்தையே நீ தாண்டலையா?"

அவள் நிதானமாக ஹெட்போனைக் கழற்றினாள். "அது முதல் பாடம்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. பேச்சு மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். இரண்டு பெயர். அவள்: பாடம் ஒன்று. விருந்தாளி: பாடம் நாற்பத்தொன்று. பக்கத்தில் ஒரு தங்கக் கோப்பை வேறு.

"படிங்கன்னு சொன்னா படிச்சிருப்பீங்களா? நீங்க ஸ்பெயின் பக்கம் போனப்பதான் பயந்துட்டேன். அதான் போன்ல அந்தக் கத்து கத்தினேன்."

"அப்போ... அந்தச் சிரிப்பு?"

"ஒரே பூனைக்கு மூணு மாசம் சிரிக்கிறதுன்னா சும்மாவா? தாடையெல்லாம் வலி."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நாளைக்குக் காலையில விமானம் வருது. சம்பந்தி ஒரு மாசம் தங்கறார். வாய் ஓயாம பேசுவாராம். நீங்களே பாத்துக்கங்க," என்றபடி எழுந்தாள். "எனக்குத்தான் ஸ்பானிஷ் தெரியாதே."