அலமாரிக் குமிழ்

கடைந்து முடித்த பித்தளைக் குமிழை சமையலறை அலமாரிக் கதவில் வைத்துப் பார்த்தார் ஸ்டோர்ஸ் சார். அதன் தண்டு ஓட்டைக்குள் பாதி போனது. மீதிப் பாதி போகமாட்டேன் என்று அடம்பிடித்தது.

"என்னங்க, ஆச்சா?" என்று அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள் மனைவி.

"ஆன மாதிரிதான். கதவுல இருக்கிற ஓட்டைதான் சின்னதா இருக்கு."

"பழைய குமிழ் இத்தனை வருஷமா அதே ஓட்டையிலதானே இருந்துச்சு?"

"அது பழைய குமிழ்" என்று சொல்லிவிட்டு, அதற்கு என்ன அர்த்தம் என்று அவள் கேட்பதற்குள் பின்கட்டு அறைக்குள் நழுவினார்.

ஒரு பெரிய தொழிற்சாலையின் சாமான் கிடங்கைக் கட்டி மேய்த்துவிட்டு ஓய்வு பெற்றவர் அவர். அங்கே கிடைத்த பெயர் தெருவிலும் ஒட்டிக்கொண்டது. ஓய்வு பெற்ற முதல் மாதம் அவருக்குக் கிடங்கு இல்லாமல் கை அரித்தது. வீட்டில் இருந்த ஒரே கிடங்கு சமையலறைதான். டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கினார். உப்பைத் தேடி மனைவி அரை மணி நேரம் அலைந்தாள். சர்க்கரை டப்பாவில் கை வைத்தால், "எதுக்கு? எவ்வளவு? போன வாரம் வாங்கினது என்ன ஆச்சு?" என்று முதுகுக்குப் பின்னால் குரல் வந்தது. வெங்காயம் வேண்டுமென்றால் சீட்டு எழுதிக் கொடு என்றுகூட ஒரு நாள் கேட்டுவிட்டார். அன்று மனைவி கையில் இருந்த கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

அதற்கப்புறம்தான் வீட்டுக்கு இரும்பு, பித்தளை கடைகிற லேத் வந்தது. பழைய மிஷின்தான், சின்னதுதான். வேண்டாம் என்பாளோ என்று பயந்து பயந்துதான் அவர் பேச்சை எடுத்தார். அவளோ மறுநாளே பின்கட்டு அறையிலிருந்த துவைக்கிற வாளிகளை ஒழித்து இடம் செய்து கொடுத்துவிட்டாள். இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்று அவர் அன்று நெகிழ்ந்து போனார்.

அறையை அவர் கோயில் மாதிரி வைத்திருந்தார். சுவரில் ஒரு பலகை. அதில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் ஒவ்வொரு அரத்துக்கும் அதனதன் உருவத்தைப் பெயின்டால் வரைந்து, அதன் மேலேயே மாட்டியிருந்தார். ஒன்றே ஒன்றுதான் குறை. இரும்பறுக்கும் ஆக்ஸா பிளேடைக் காணோம். அதற்கு வரைந்த நீளக் கோடு வெறுமையாகக் கிடந்தது.

"நீ எடுத்தியா?" என்று மனைவியைக் கேட்டதற்கு, "நான் எதுக்குங்க அதைத் தொடப் போறேன்?" என்றுவிட்டாள். நியாயந்தானே.

லேத் வந்ததும் ஒரு விதத்தில் நல்லதாகத்தான் போயிற்று. வந்த நாளிலிருந்து வீட்டில் ஒன்று மாற்றி ஒன்று ஒடிந்துகொண்டே இருந்தது. வாசல் கேட்டின் தாழ்ப்பாள் ஒடிந்தது. அதைச் செய்து முடித்த மறுநாள் முக்காலியின் கால் ஒடிந்தது. நேற்று இந்த அலமாரிக் குமிழ். ஒடிந்த கழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் மனைவிக்கு ஒரு சொற்பொழிவே ஆற்றினார்.

"பாரு, எவ்வளவு சுத்தமா ஒடிஞ்சிருக்கு! கண்ணாடி மாதிரி. இதுக்குப் பேருதான் உலோகச் சோர்வு. உள்ளுக்குள்ளேயே களைச்சுப் போயி, ஒரு நாள் பட்டுனு விட்டுடும்."

"அடப் பாவமே" என்றாள் மனைவி. "எல்லாத்துக்கும் ஒரே சமயத்துல களைப்பு வந்திருக்கே!"

"வயசுடி. எல்லாம் நம்ம கல்யாணத்தப்போ வாங்கினது."

ஆனால் ஒவ்வொரு வேலையின்போதும் அவள் ஒரு மிரட்டலும் வைப்பாள். "நாளைக்குள்ள முடியலேன்னா பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டு மிஷினைத் தூக்கிட்டுப் போகச் சொல்லிடுவேன், ஆமா." அந்த பயத்திலேயே அவர் விடியற்காலையில் எழுந்து அறைக்குள் போய்விடுவார்.

இன்று அவர் குமிழின் தண்டை அளந்து பார்த்தார். ஒரு முனையில் மெலிந்து மறு முனையில் தடித்திருந்தது. லேத் நிற்கிற மட்டம் சரியில்லை என்று அதற்கு அர்த்தம். ரசமட்டத்தை எடுத்து மிஷின் மேல் வைத்தார். உள்ளே இருந்த குமிழி நடுவில் நிற்காமல் ஒரு ஓரமாக ஒதுங்கியது.

அப்போதுதான் சமையலறையிலிருந்து மனைவி போனில் பேசுவது காதில் விழுந்தது. குரல் தணிந்திருந்தது.

"ஆமா... சாயங்காலம் வந்து எடுத்துட்டுப் போங்க... அவருக்குத் தெரிய வேண்டாம்."

ஸ்டோர்ஸ் சார், அவள் இத்தனை நாள் சும்மா மிரட்டுகிறாள் என்றுதான் நினைத்திருந்தார். இப்போது நிஜமாகவே இரும்புக்காரரைக் கூப்பிட்டுவிட்டாள்! அதுவும் அவருக்குத் தெரியாமல்! சாயங்காலத்துக்குள் குமிழ் கதவில் ஏறவில்லை என்றால் லேத் போய்விடும். லேத் போனால் அவருக்கு இந்த வீட்டில் செய்ய என்ன இருக்கிறது?

மட்டத்தைச் சரிசெய்ய ஒரு காலுக்கு அடியில் மெல்லிய தகடு வேண்டும். காய் நறுக்கும் கத்தி சரியான கனம். நைசாக எடுத்து வந்து காலுக்கு அடியில் செருகினார். மிஷினைப் போட்டதும் அது நடுங்கியது. நடுங்கிய நடுக்கத்தில் கத்தி சரசரவென்று வெளியே வந்து அவர் செருப்பைத் தொட்டு நின்றது.

"என்னங்க, கத்தியைப் பார்த்தீங்களா?"

"இங்க எதுக்குடி கத்தி வரப் போகுது?"

தரையோடு போல்ட் அடித்து இறுக்கிவிட்டால் நடுக்கம் நின்றுவிடும் என்று முடிவு செய்தார். டிரில் மிஷினை எடுத்துத் தரையில் ஓட்டை போட்டார். ஓட்டையிலிருந்து முதலில் சிமென்ட் தூள் வந்தது. அப்புறம் கொஞ்சம் ஈர மண் வந்தது. அப்புறம் அவர் முகத்துக்கு நேராகத் தண்ணீர் வந்தது.

"என்னங்க, மழையா?"

"ஒண்ணுமில்ல. பைப்பு லேசா..."

மேலே சொல்ல முடியாமல் வாயில் தண்ணீர் புகுந்தது. மாடிக்கு ஓடினார். தொட்டியின் வால்வை அடைத்தால் தண்ணீர் நின்றுவிடும். வால்வின் திருகைப் பிடித்து ஒரு திருப்பு திருப்பினார். திருகு கையோடு வந்தது.

கீழே வீடு மிதந்துகொண்டிருந்தது. அவரோ ஒடிந்த இடத்தை வெயிலில் காட்டிப் பார்த்தார். பாதிக்கு மேல் வழவழவென்று பளபளத்தது.

"ஏய், இதுக்கும் உலோகச் சோர்வுடி!" என்று மாடியிலிருந்து கத்தினார். "தொட்டித் திருகு!"

மனைவி முற்றத்துக்கு ஓடி வந்து அண்ணாந்து பார்த்தாள். "அதுக்குள்ளேயா?"

"அதுக்குள்ளேயான்னா?"

"இல்லீங்க... நேத்துதானே குமிழ் ஒடிஞ்சுது. இவ்வளவு சீக்கிரமா இதுவும் ஒடியணுமான்னு கேட்டேன்."

குழாய்க்காரர் வந்தார். எந்த வீட்டுக்குப் போனாலும் துக்கம் விசாரிக்க வந்தவர் போல முகத்தை வைத்துக்கொள்கிற ஆள். தரை ஓட்டையில் ஒரு மரக்கட்டையைச் செருகிச் சுத்தியலால் தட்டினார். தண்ணீர் நின்றது.

"இது தாங்காது சார். பைப்பை மாத்தணும். ஆனா பைப்பு மேல இந்த எருமை படுத்துக்கிட்டிருக்கே."

"எருமையா? நுணுக்கமான மிஷின்யா அது!"

"நுணுக்கமான எருமைன்னே வெச்சுக்குங்க. நகர்த்தினாத்தான் வேலை நடக்கும்."

பின்கட்டு அறையிலிருந்து கூடத்துக்குப் போக சமையலறை வழியாகத்தான் போக வேண்டும். குழாய்க்காரர் தன்னிடமிருந்த இரும்புக் குழாய்களைத் தரையில் உருளையாகப் போட, அதன் மேல் லேத்தை ஏற்றினார்கள். ஸ்டோர்ஸ் சார் முன்னால் நின்று இழுத்தார். குழாய்க்காரர் பின்னால் நின்று தள்ளினார். ஈரத் தரையில் லேத் முதலில் நகர மறுத்தது. நகர ஆரம்பித்ததும் நிற்க மறுத்தது. சமையலறையைக் கடந்து ஓடி, கூடத்து நிலைவாசலில் போய் மடேரென்று மாட்டிக்கொண்டது. அதன் தலைப்பகுதி கூடத்தில், வால்பகுதி சமையலறையில். ஒரு கால் நிலைப்படியைத் தாண்டி இறங்கிவிட்டது. இனி முன்னாலும் வராது, பின்னாலும் போகாது.

குழாய்க்காரர் அதைச் சுற்றிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "சாப்பிட்டுட்டு வந்துடறேன் சார்" என்று பின்வாசல் வழியாகப் போனார். அப்படிப் போனவர் போனவர்தான்.

கூடத்துப் பக்கம் மாட்டிக்கொண்ட ஸ்டோர்ஸ் சார், மனைவி இப்போது பத்திரகாளி ஆகப் போகிறாள் என்று காத்திருந்தார். அவளோ லேத்தின் வால்பகுதியில் ஈரத் துணியை உலரப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"உனக்குக் கோபம் வரலியா?"

"கோபப்பட்டு என்ன ஆகப் போகுது? நீங்க அவசரப்படாம நிதானமா பாருங்க."

"சமையலறைக்கு நான் எப்படி வர்றது?"

"தெருவைச் சுத்திக்கிட்டு வரணும். உங்களுக்கு எதுக்குங்க அந்தச் சிரமம்? அங்கேயே இருங்க" என்று சொல்லிவிட்டு அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி சமைக்கப் போனாள். சமையலறையில் பாட்டு கேட்டே எத்தனையோ நாள் ஆயிற்று. இது புயலுக்கு முந்தைய அமைதி, சாயங்காலம் இரும்புக்காரர் வருகிற தெம்பில் பாடுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மதியச் சாப்பாட்டுத் தட்டை மிஷினின் நகரும் மேடைமேல் வைத்தாள். அவர் இந்தப் பக்கமிருந்து சக்கரத்தைச் சுற்றினார். தட்டு மெல்ல நகர்ந்து கூடத்துக்கு வந்தது.

"உப்பு கொஞ்சம் குறைச்சல்."

உப்பு டப்பாவும் அதே வழியில் வந்தது.

கை கழுவிவிட்டு, பழக்கதோஷத்தில் ரசமட்டத்தை மிஷின் மேல் வைத்தார். குமிழி நேராக நடுவில் போய் உட்கார்ந்தது. அவர் நம்பவில்லை. திருப்பி வைத்துப் பார்த்தார். அப்போதும் நடுவில்தான். நிலைவாசலில் மாட்டிக்கொண்டதில் மிஷின் ஆடவும் வழியில்லை, சாயவும் வழியில்லை. இவ்வளவு நாள் பின்கட்டு அறையில் தவம் கிடந்தும் கிடைக்காத மட்டம்!

டிவியின் வயரைப் பிடுங்கிவிட்டு லேத்தின் வயரைச் செருகினார். பித்தளைத் தடியை மிஷினின் வாயில் பொருத்தி, சக் சாவியால் இறுக்கினார். 'சாவியை எடுத்துவிட்டு மிஷினைப் போடு' என்று அவரே பெரிய எழுத்தில் எழுதி மாட்டிய பலகை பழைய அறையில் இருந்தது. இங்கே வெறும் சுவர்தான் இருந்தது. அவர் சுவிட்சைத் தட்டினார்.

சாவி பறந்தது. ஜன்னல் கண்ணாடி நொறுங்கியது. பக்கத்து வீட்டுப் பக்கம் எங்கோ டங்கென்று ஒரு சத்தம் கேட்டது.

"என்னங்க அது?"

"ஜன்னலுக்குக் களைப்பு" என்றார் அவர். வெயில் சாய்ந்துவிட்டது, இதற்கெல்லாம் நின்று பேச நேரமில்லை.

பித்தளை சுருள் சுருளாகக் கீழே உதிர்ந்தது. தண்டு முனையிலிருந்து முனை வரை ஒரே கனத்தில் வந்தது. தலை உருண்டையாக, எலுமிச்சம்பழம் போல வந்தது. கடைசியில் தடியிலிருந்து குமிழை வெட்டி எடுத்து, சட்டையில் துடைத்து, மேடைமேல் வைத்துச் சக்கரத்தைச் சுற்றினார். அந்தப் பக்கம் மனைவி எடுத்துக்கொண்டாள்.

அலமாரி ஓட்டைக்குள் குமிழ் வழுக்கிக்கொண்டு போனது. அவள் பிடித்து இழுத்தாள். கதவு திறந்தது.

"அருமைங்க" என்றாள். மனசார சொன்னாள் என்று குரலிலேயே தெரிந்தது.

அவரால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "அப்போ லேத்தைக் குடுத்துடாத. உன் கால்ல வேணும்னாலும் விழறேன்."

"யாருக்குக் குடுக்கப் போறேன்?"

"நீ போன்ல பேசினதைக் கேட்டுட்டேன்."

அவள் முகம் வெளிறியது. "எதைக் கேட்டீங்க?"

"சாயங்காலம் வந்து எடுத்துட்டுப் போகச் சொன்னியே. பழைய இரும்புக்காரர்கிட்டதானே பேசினே?"

அவளுக்கு நின்ற மூச்சு திரும்பி வந்தது. "ஓ, அதுவா! அவரை வர வேண்டாம்னு சொல்லிடறேங்க. இந்த லேத் எங்கேயும் போகாது. நான் உசிரோட இருக்கிற வரைக்கும் போக விடமாட்டேன்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதை அவள் பார்த்துவிடக் கூடாதே என்று குனிந்து, மிஷினுக்குப் பின்னால் மண்டியிட்டு, உதிர்ந்த பித்தளைச் சுருள்களைப் பொறுக்க ஆரம்பித்தார். எவ்வளவு தங்கமான மனசு, இவளைப் போய் சந்தேகப்பட்டோமே என்று நெஞ்சு உருகியது.

அப்போது பின்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டம்மா சமையலறைக்குள் வந்தாள். கையில் சக் சாவி இருந்தது. மனைவி கண்ணாலும் கையாலும் என்னென்னவோ ஜாடை காட்டினாள். பக்கத்து வீட்டம்மா சாவியை மேடைமேல் வைக்கிற மும்முரத்தில் அதைக் கவனிக்கவில்லை.

"இந்தாங்கக்கா, எங்க துணி துவைக்கிற கல்லு மேல வந்து விழுந்துது. சரி, அந்த ஆக்ஸா பிளேடை எடுத்து வெச்சீங்களா? எங்க வீட்டுக்காரர் நாளையோட ரிட்டயர் ஆகுறாரு, லேத்தும் வந்து இறங்கிடுச்சு. முதல்ல எதைக்கா அறுக்கட்டும், அலமாரிக் குமிழையா, தொட்டித் திருகையா?"