கொப்புளி சாரின் படிக்கம்

மெட்ராஸிலேயே அதிக வகை பியரை வாயில் ஊற்றிக்கொண்டவர் யார் என்று கேட்டால் கொப்புளி சார் என்பேன். ஒரு சொட்டு பியர்கூடக் குடிக்காதவர் யார் என்று கேட்டாலும் அவரைத்தான் சொல்வேன்.

சொந்தப் பெயர் நீளமாக ஏதோ இருந்தது, யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பாரிமுனைப் பக்கம் ஒரு தேயிலைக் கம்பெனியில் டீ ருசி பார்ப்பது அவர் உத்தியோகம். ஒரு நாளைக்கு நூறு கோப்பை. ஒரு கரண்டி எடுத்து 'ஸர்ர்ர்' என்று உறிஞ்சி, வாய்க்குள் மூன்று சுற்றுச் சுற்றி, பக்கத்தில் இருக்கும் படிக்கத்தில் துப்பிவிட வேண்டும். விழுங்கினால் அடுத்த கோப்பையின் ருசி தெரியாதாம். இருபது வருஷம் இதே வேலை பார்த்த பழக்கத்தில், ஒருநாள் வீட்டில் ரசத்தையும் துப்பிவிட்டு மாமியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

எழுபத்தொன்றில் மதுக்கடைகளைத் திறந்தார்கள். விதவிதமான பாட்டில்களைப் பார்த்ததும் சாரின் நாக்கு சும்மா இருக்கவில்லை. ஆனால் மயிலாப்பூரில் அவர் வீட்டுக்குள் பாட்டில் நுழைய முடியுமா? அதனால் ஞாயிற்றுக்கிழமை காலைகளில், மந்தைவெளியில் நானும் சம்பத்தும் குடியிருந்த மாடி அறைக்கு வந்துவிடுவார். கையில் துணிப்பை, அதற்குள் வெள்ளைப் பீங்கான் கோப்பைகள், ஒரு கரண்டி, பித்தளைப் படிக்கம். மாமிக்குத் தெரியாமல் அல்ல. தொண்டைக்குக் கீழே ஒரு சொட்டு இறங்காது என்று பிள்ளையார் மேல் சத்தியம் செய்துவிட்டுத்தான் வருவார்.

பாட்டில் வாங்குவது நாங்கள். முதல் கரண்டி அவருக்கு, மீதியெல்லாம் எங்களுக்கு. கேட்பதற்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் பாட்டிலை ஐஸில் வைக்க விடமாட்டார்.

"சார், வெந்நியாயிடும் சார்" என்று கெஞ்சுவேன்.

"ஆகட்டும். ஜில்லுனு இருந்தா நாக்கு தூங்கிடும்டா. பியர் தன் குத்தத்தையெல்லாம் மறைச்சுண்டுடும்."

கோப்பையில் ஊற்றி, தட்டால் மூடி, ஐந்து நிமிஷம் கழித்துத் திறந்து முகர்வார். நுரை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். நாங்கள் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு காத்திருப்போம். கடைசியில் ஒரு 'ஸர்ர்ர்', மூன்று சுற்று, படிக்கம், தீர்ப்பு. "இது மழையில நனைஞ்ச கோணி." "இது சிலேட்டை நக்கின மாதிரி இருக்கு." கறுப்பு பியர் ஒன்றுக்கு மட்டும், "பரவாயில்லை, கருகின வெல்லப்பாகு. மனுஷன் சாப்பிடலாம்" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

ஒருநாள் அந்த உறிஞ்சல் சத்தத்தைக் கேட்டுக் கீழ்வீட்டுக்காரர் இரண்டு குடத்தோடு மாடியேறி ஓடிவந்தார். குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார், பாவம்.

இப்போது சம்பத். அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து வந்து கெமிஸ்ட்ரி படித்தவன். அவன் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். திருவல்லிக்கேணியில் ஒரு சோடா கம்பெனியில் வேலை பார்த்தான். அதை மூடிவிட்டார்கள். நாலு மாதம் சும்மா இருந்தவனுக்குப் பெங்களூரில் ஒரு பியர் தொழிற்சாலையிலிருந்து நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்தது. உடனே அறைக்குள் மூன்று ஊறுகாய் ஜாடிகள் முளைத்தன. பார்லியை முளைகட்டி, வறுத்து, காய்ச்சி, பேக்கரியில் ஈஸ்ட் வாங்கிப் போட்டான். கசப்புக்கு என்ன சேர்ப்பது என்று தெரியாமல் நிலவேம்பைப் போட்டான். ஒரு ஜாடி வெளுப்பு, ஒன்று பழுப்பு, ஒன்று கறுப்பு.

"மூணுல ஒண்ணாச்சும் நல்லாக்கீதுன்னு சார் சொன்னாத்தான் பெங்களூர் போவேன். இல்லாங்காட்டி லெட்டர கிழிச்சுப் போட்டுட்டு மூட்ட தூக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டான். அவன் சொன்னால் செய்கிறவன்.

அந்த ஞாயிறு, ஸ்டூலில் ஜாடிகள் உட்கார்ந்திருந்ததால் படிக்கத்தை நான்தான் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளுப்பு ஜாடி. ஸர்ர்ர். துப்பினார். "சோப்புத் தண்ணி. பாத்திரம் சரியா அலம்பலை." பழுப்பு ஜாடி. துப்பினார். "புளிச்சுடுத்து. நாலு நாள் முன்னாடியே வடிகட்டியிருக்கணும்." சம்பத் கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

கறுப்பு ஜாடி. ஸர்ர்ர். ஒரு சுற்று, இரண்டு, மூன்று. சாரின் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. நான் படிக்கத்தை நீட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, சம்பத்தின் கையைப் பார்த்தார். பிறகு அவருடைய தொண்டைக்குமிழ் ஏறி இறங்கியது.

"இதுதான்டா பியர். போயிட்டு வா."

"மெய்யாலுமா சார்?" என்று கத்திக்கொண்டே சம்பத் டிக்கெட் வாங்க ஓடினான். நான் ஆசையாக ஒரு கரண்டி குடித்துப் பார்த்தேன். நிலவேம்புக் கஷாயத்தில் பழைய செருப்பை ஊறப்போட்டது போல இருந்தது. சார் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, மூன்று சொம்பு தண்ணீர் குடித்தார்.

பெங்களூரில் காட்டுவதற்காகப் பாட்டிலில் அடைத்து எடுத்துப்போன கறுப்பு பியர் ஜோலார்பேட்டை வருவதற்குள் ரயிலிலேயே வெடித்துவிட்டது. வெறுங்கையோடு போன சம்பத், முதல் இரண்டு ஜாடிகளும் ஏன் கெட்டன என்று சார் சொன்னதை அப்படியே ஒப்பித்தான். செய்த தப்பு தெரிந்தவன் என்று சொல்லி வேலை கொடுத்துவிட்டார்கள்.

சாருக்கோ மறைக்கத் தெரியாது. விழுங்கிவிட்டதை அந்த ஞாயிறே வீட்டில் சொல்லிவிட்டார். மாமி ஒரு வாரம் காபி கொடுக்கவில்லை, பேசவும் இல்லை. எட்டாம் நாள் மந்தைவெளி காய்கறிக் கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"படிக்கம் ரொம்பி வழிஞ்சுதாம், துப்ப எடமில்லையாம், அதனால முழுங்கிட்டாராம். நீதானே பிடிச்சுண்டு நின்னே? நெஜத்தைச் சொல்லு."

"ஆமாம் மாமி. என் கையெல்லாம் வழிஞ்சுது" என்றேன்.

மறுநாள் முதல் சாருக்குக் காபி கிடைத்தது. என் ஆயுளில் நான் சொன்ன பொய்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அன்றைக்கு அந்தப் படிக்கத்தில் இருந்தது மொத்தம் இரண்டே கரண்டி.