டிரைவர் பழசு என்று சொன்ன மாப்பிள்ளைக்கு

மதிப்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் அத்தை, உங்கள் மனைவி மூவரும் சௌக்கியம். கம்ப்யூட்டர் மட்டும் சௌக்கியமில்லை. அங்கு தாங்கள் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள், கேள்வி கேட்க ஆளில்லையே. போனில் அழைத்தால் 'மீட்டிங்கில் இருக்கிறேன்' என்று ஒரு வரி வருகிறது. ஞாயிற்றுக்கிழமையும் அதே வரிதான் வருகிறது. கடிதத்திடம் அப்படிச் சொல்ல முடியாது என்பதால் தபாலில் அனுப்புகிறேன்.

போன மாதம் தாங்கள் இங்கே எதற்காக வந்தீர்கள் என்பது தங்களுக்கு மறந்திருக்கலாம். கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கும் மனைவியைச் சமாதானம் செய்து அழைத்துப் போக வந்தீர்கள். வாசலில் செருப்பைக் கழற்றினீர்கள், "நல்லா இருக்கீங்களா மாமா" என்றீர்கள், நேராகப் போய் அவளுடைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டீர்கள். சமையலறை வாசலில் நின்றவளிடம் ஒரு வார்த்தை கிடையாது. அவளும் பேசவில்லைதான், அது வேறு விஷயம். தாங்கள் பேசியதெல்லாம் என்னிடம், அதுவும் எப்படிப்பட்ட பேச்சு.

"டிரைவர் ரொம்பப் பழசு மாமா. இதை வச்சுக்கிட்டு எப்படி ஓட்டுறீங்க? தூக்கிட்டுப் புதுசு போட்டுடலாம்."

ஆயுள் முழுக்க பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். டிப்போவில் என்னை வீட்டுக்கு அனுப்பியபோதுகூடக் கையைப் பிடித்துக்கொண்டு நாசூக்காகத்தான் சொன்னார்கள். மாப்பிள்ளையாயிற்றே என்று மென்று விழுங்கிக்கொண்டேன். திரையில் படம் காட்டுவதற்கென்று கம்ப்யூட்டருக்குள் ஒரு புரோகிராம் இருப்பதும், அதற்கும் டிரைவர் என்றே பெயர் வைத்திருப்பதும் பிறகு மகள் சொல்லித்தான் தெரிந்தது. அதற்குள் தாங்கள் எதையோ அழுத்த, ஒரு நீலக் கோடு நகர, திரை இரண்டு முறை கண் சிமிட்டிவிட்டு ஒரே இருட்டாகிவிட்டது. அவள் வரைந்துகொண்டிருந்த வீட்டுப் பிளான்கள் அத்தனையும் அதற்குள்ளே. அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டீங்களா? கேட்காம எதையும் தொடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"உனக்காகத்தானே செஞ்சேன். படம் திணறுதுன்னு நீதானே சொன்ன."

"அதைச் சொன்னது போன வருஷம்."

உங்கள் அத்தை காபியோடு வருவதற்குள் தாங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள்.

அதன் பிறகு நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, கம்பெனிக்காரன் முத்திரை ஒரு கணம் தெரிகிறது, அப்புறம் பழைய இருட்டுதான். பஸ்ஸாக இருந்தால் நாலு பேரை இறங்கித் தள்ளச் சொல்லியிருப்பேன். மாடி வீட்டுக்காரர், வங்கியில் இருந்தவர், எல்லாம் தெரிந்தவர், "ஸ்க்ரீன் போயிடுச்சு, வேற ஒண்ணுமில்ல" என்று சத்தியம் செய்து எங்கள் டி.வி.யைக் கழற்றிக் கொண்டுவந்து இதில் மாட்டினார். டி.வி.யிலும் அதே இருட்டு. கழற்றியதைத் திரும்ப மாட்டும்போது டி.வி.யின் ஒயர் முனை வளைந்துவிட்டது, அதனால் இப்போது இரண்டும் இல்லை. உங்கள் அத்தையோ, சீரியல் போன துக்கத்திலும், "மாப்பிள்ளை எது செஞ்சாலும் அதுல ஒரு காரணம் இருக்கும்" என்கிறாள். இந்த வீட்டில் எனக்கு அந்தச் சலுகை கிடைத்ததே இல்லை.

கடைசியில் கம்ப்யூட்டர் கடைக்காரருக்குப் போன் போட்டேன். "மெஷின் நல்லாத்தான் இருக்கு சார். புது டிரைவர் ஒத்துக்கல. சேஃப் மோட்னு ஒண்ணு இருக்கு, அவசியமானது மட்டும் ஓடும். அதுல உள்ள போய், புது ஆளைத் தூக்கிட்டுப் பழைய டிரைவரையே திரும்பக் கூப்பிடணும்" என்றார். ஸ்பீக்கரில் போட்டு, உங்கள் அத்தையைப் பக்கத்தில் நிறுத்தி, கடைசி வாக்கியத்தை மட்டும் இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். அது எழும்பும்போதே பாதியில் பாதியில் அணைத்துப் போட்டால் சேஃப் மோட் வரும் என்றார், வந்தது. எழுத்தெல்லாம் வீங்கிப்போய்ப் பெரிது பெரிதாகத் தெரிந்தது. என் கண்ணுக்கு இதுவே போதும் என்று சந்தோஷப்பட்டுத் தூக்கவேண்டிய டிரைவரைத் தூக்கினேன். தூக்கியது சத்தத்துக்கான டிரைவராம். முன்பு கண் மட்டும்தான் தெரியவில்லை, இப்போது அதற்குப் பேச்சும் போய்விட்டது.

"கொண்டாங்க, மொத்தமா அழிச்சிட்டுப் புதுசா போட்டுத் தர்றேன்" என்று கடைக்காரர் சொன்னதை மகளிடம் சொன்னேன். "எதையும் அழிக்க வேண்டாம்ப்பா. கெடுத்தவரே வந்து பார்க்கட்டும்" என்றாள். அன்று முதல் பென்சிலும் அளவுகோலுமாகக் கையால் பிளான் வரைந்துகொண்டிருக்கிறாள். அந்த அறையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறேன். வாழவேண்டிய பெண் குனிந்த தலை நிமிராமல் கோடு போட்டுக்கொண்டிருக்கிறாள். கேட்காமல் பொத்தானை அழுத்தத் தெரிந்த மனுஷனுக்கு, கேட்டால்கூட ஒரு வார்த்தை பேசத் தெரியவில்லையே என்று இருக்கிறது. இதைவிட மரியாதையாக எழுத எனக்குத் தெரியவில்லை.

உங்கள் அத்தை தன் ஆசிகளைத் தெரிவிக்கச் சொன்னாள். என் ஆசியும் உண்டு. வயதில் பெரியவனாகிப்போனதால் கொடுத்துத்தான் தொலைக்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்,
பழைய டிரைவர்

பி.கு.: உறையை ஒட்டப் பசை வாங்கக் கடைக்குப் போனவன், பர்ஸை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பினேன். அறையில் திரை பளிச்சென்று எரிகிறது. ஒரு வீட்டுப் பிளானை மகள் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். என் செருப்புச் சத்தம் கேட்டதும் வெடுக்கென்று பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பென்சிலை எடுத்துக்கொண்டு, "இன்னும் வரலப்பா" என்றாள். உங்கள் அத்தையைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். "நீங்க கெடுத்த மறுநாளே சரி பண்ணிட்டா. அவர் வர்ற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னா" என்கிறாள்.

ஆகவே எனக்கு எதுவும் தெரியாது, தங்களுக்கும் தெரியாது. மேலே எழுதியதெல்லாம் அப்படியே இருக்கட்டும். உடனே புறப்பட்டு வந்து கம்ப்யூட்டரைச் சரிசெய்து கொடுக்கவும். எதுவும் கெட்டுப்போகாததால் தங்களாலும் முடியும். பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு வைக்கிறேன். அவள் வந்து அதில் உட்காரும்வரை மட்டும், தயவுசெய்து எதையும் சரிசெய்துவிடாதீர்கள்.