நாலாவது வரிக் கவிஞர்

"அப்பா, இங்கிலீஷ் கட்டுரைக்குத் துணைப்பாடம் ஒண்ணு வேணும். புத்தகத்துல இருக்கிறது போதாதாம். வெளியிலேர்ந்து எடுத்து அலசி எழுதணும். வருஷ மார்க்குல சேரும்."

கண்ணாடிக்கடைக்காரர் துடைத்துக்கொண்டிருந்த லென்ஸைக் கீழே வைத்தார். பத்தாவது படிக்கும் மகள் அவரிடம் பாடத்தில் சந்தேகம் கேட்டு நாலு வருஷம் ஆகிறது. 'எனக்குத் தெரியாதும்மா' என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"இவ்வளவுதானா? என்கிட்ட ஒரு கவிதை இருக்கு. எழுதிக்கோ."

கடைக்கு எதிரே பஸ் ஒன்று கிளம்பிப் போனது. அதைப் பார்த்தபடியே இங்கிலீஷில் நாலு வரி அவிழ்த்துவிட்டார். பஸ் போய்விட்டது, அதில் என் குடையும் போய்விட்டது, குடைக்குள் என் செல்போன் இருந்தது, இனி யார் என்னைக் கூப்பிடுவார் என்று அர்த்தம்.

"யார் எழுதினதுப்பா?"

சுவரில் கண் பரிசோதனைக்கான எழுத்துப் பலகை தொங்கியது. அதன் நாலாவது வரியை அப்படியே வாசித்தார்.

மகள் எழுதிப் பார்த்தாள். "பேர்ல ஒரு உயிரெழுத்துகூட இல்லையே?"

"அந்த நாட்டுல குளிர் ஜாஸ்தி. வாயைத் திறக்க மாட்டாங்க."

"இப்ப இருக்காரா?"

இருக்கார் என்றால் கடிதம் போட்டுவிடுவாளே! "பாவம், போய்ச் சேர்ந்து அறுபது வருஷம் ஆச்சு."

"அப்போ கவிதைக்குள்ள செல்போன் எப்படி வந்துச்சு?"

"அதனாலதானே அவர் பெரிய கவிஞர்!"

"குடை எதுக்குக் குறியீடு?"

"அம்மாவுக்கு."

"அம்மாவை பஸ்லயே விட்டுட்டாரா?"

"வளர்ப்பு அம்மா," என்றார், நெற்றியைத் துடைத்துக்கொண்டே.

அவள் சிரிக்கவே இல்லை. ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டாள்.

நாலாம் நாள் பள்ளியிலிருந்து போன். டீச்சர் உடனே வரச் சொல்கிறாராம். கடையைப் பூட்டிக்கொண்டு ஓடினார். டீச்சர் மேஜையில் மகளின் கட்டுரை, பதினோரு பக்கம். ஓரமெல்லாம் சிவப்பு மை.

"இந்தக் கவிஞரைப் பத்தி நீங்க சொல்றதை நேர்லயே கேட்கணும் சார்."

"அவரோட மருமகன்கூட எனக்குப் பழக்கம்தான்..." என்று ஆரம்பித்தார். டீச்சர் கண் இமைக்காமல் பார்த்தார்.

"டீச்சர், அப்படி ஒரு ஆளே கிடையாது. எல்லாம் என் கைச்சரக்கு. பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. அவ மார்க்குல மட்டும் கை வெச்சுடாதீங்க."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அவதான் சார் வகுப்புல முதல் மார்க். நான் கொடுத்த தலைப்பு, 'தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி பேசுறவங்க'. துணைப்பாடம் அந்தக் கவிதை இல்லை, நீங்கதான்!"