புகழேந்தி கேட்டு வாங்கிய பாதி மயக்கம்

எது நடந்தாலும் நினைவு மட்டும் தவறக் கூடாது என்று புகழேந்தி தீர்மானம் போட்டார். தீர்மானம் போட்ட இடம் ஆஸ்பத்திரி வராந்தா. கையில் ஸ்கேன் கவர். வந்திருப்பது குடலிறக்கம்.

பெரிய ஆபரேஷன் இல்லை, மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மயக்கம்தான் இரண்டு வகை. முழு மயக்கம் கொடுத்தால் ஆள் தூங்கிவிடுவார். முதுகில் ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப் போகும், ஆள் முழிப்பாகக் கிடப்பார்.

"உங்க உடம்புக்கு ரெண்டுமே ஒத்துக்கும். யோசிச்சு சொல்லுங்க," என்றார் டாக்டர்.

யோசிக்கச் சொன்னதுதான் தப்பு. புகழேந்தி தாலுகா ஆபீசில் முப்பது வருடம் ஃபைல் பார்த்தவர். விசாரணை இல்லாமல் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மனைவி அருணாதேவி ஆரம்பித்தாள்.

"முழு மயக்கமே வாங்கிக்குங்க. நிம்மதியா தூங்கி எழுந்துடலாம்."

"ஏன்?"

"நீங்க பயந்தவரு."

"நானா?"

"போன மாசம் காதுல எறும்பு பூந்ததுக்கு ஆம்புலன்சுக்குப் போன் போடச் சொன்னீங்க."

புகழேந்தி வாயை மூடிக்கொண்டார். சந்தேகம் மட்டும் வாயைத் திறந்தது. இவள் எதற்கு முழு மயக்கம் என்கிறாள்?

இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவர் கண்ட உண்மை ஒன்றே ஒன்றுதான். அருணா கிழக்கு என்றால் மேற்கே போக வேண்டும். அப்போதுதான் வீட்டுத் தலைவர் யார் என்பது தெரியும்.

அதிலும் வீட்டில் ஒரு வழக்கு நிலுவையில் இருந்தது. மகள் கவிநிலா கீழ்பென்னாத்தூரில் டீச்சர். ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்து சொன்னாள். அருணாவுக்குச் சம்மதம். அதனாலேயே புகழேந்திக்குச் சம்மதமில்லை. பையன் பேரைச் சொல்ல வந்தால் காதைப் பொத்திக்கொண்டார். வேலையைச் சொல்ல வந்தால் டிவி சத்தத்தை ஜாஸ்தி பண்ணினார். அதற்கப்புறம் கவிநிலா அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். தட்டு வைப்பாள், சோறு போடுவாள், போய்விடுவாள். புகழேந்திக்கு அந்தச் சோறு தொண்டையில் இறங்க மறுத்தது. ஆனாலும் அவர் இறங்கி வரவில்லை.

மயங்கிக் கிடக்கும்போது இந்த அருணா எதையாவது கேட்டுத் தலையாட்ட வைத்து, செல்போனில் வீடியோவும் எடுத்துவிட்டால்?

"ரெண்டு வருஷமா உங்க பேச்சுக்கே மயங்காதவன், மருந்துக்கா மயங்குவேன்," என்று முணுமுணுத்துக்கொண்டு, நோட்டை எடுத்துக்கொண்டு விசாரணைக்குக் கிளம்பினார்.

முதலில் ஜானி பாஷா. பாத்திரக் கடைக்காரர். போன வருடம் இதே ஆபரேஷனை முழு மயக்கத்தில் செய்துகொண்டவர்.

"தூக்கம் நல்லாத்தான் இருந்துச்சுண்ணே. எழுந்தப்புறம்தான் பேஜாரு. தொண்டையில குழாய் விட்டிருந்தாங்களாம், ரெண்டு நாளு எச்சில் முழுங்க முடியல. கிறுகிறுன்னு வந்து வாந்தி வேற. நர்ஸம்மாவைப் பாத்து, அண்டா இன்னா வெலைக்குக் கேக்கறீங்கன்னு கேட்டேனாம்."

"கேட்டேனாம்னா?"

"எனக்கு எங்கண்ணே தெரியும். எங்க வீட்டுல பர்சானா பக்கத்துல இருந்து கேட்டிருக்கா. இன்னி வரைக்கும் சொல்லிக் காட்டறா."

புகழேந்தி எழுதினார்: 'முழு மயக்கம்: தொண்டை வலி, வாந்தி, உளறல். உளறியது மனைவி காதுக்குப் போகும்.' கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு.

அடுத்து அடி அண்ணாமலையில் இளநீர் விற்கும் மூர்த்தி. அவர் முதுகு ஊசி.

"சாயங்காலம் வரைக்கும் காலு என்னுதே இல்ல சார். கிள்ளிப் பாத்தேன், பக்கத்து வீட்டுக்காரன் காலைக் கிள்ற மாதிரி இருந்துச்சு. மூத்திரம் போறதுக்குள்ள போதும் போதும்னு ஆச்சு. ரெண்டு நாளு தலைவலி. மத்தபடி அன்னிக்கே இட்லி சாப்ட்டேன்."

"புத்தி தெளிவா இருந்துச்சா?"

"அறுத்துக்கினு இருக்கறப்பவே டாக்டரு வீட்டுக்கு எளநி ஆர்டர் எடுத்தேன் சார்."

முடிந்தது விசாரணை. வீட்டுக்கு வந்து தீர்ப்பைச் சொன்னார்.

"முதுகு ஊசிதான்."

அருணா முகம் வாடியது. "வேணாங்க. எல்லாத்தையும் முழிச்சிக்கினு பாக்கணும்."

"பாப்பேன்."

"நான் சொல்லி எதைத்தான் கேட்டீங்க," என்று உள்ளே போய்விட்டாள். ஜெயித்த சந்தோஷத்தில் புகழேந்தி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

ஆபரேஷன் தியேட்டர் குளிர்ந்தது. எல்லாரும் பச்சை உடுப்பு, முகமூடி. கண் மட்டும்தான் தெரிந்தது. தீர்மானத்துக்கு லேசாக நடுக்கம் கண்டது. மேசையில் உட்கார வைத்து, முதுகை வளைத்துக் குனியச் சொன்னார்கள். மயக்க டாக்டருக்கு உதவியாக இருக்கும் ஒரு பையன் எதிரே வந்து நின்றான்.

"என் பேரு இளவரசன் சார். என் தோள்ல சாஞ்சுக்குங்க. அசையாம இருந்தா போதும்."

புகழேந்தி சாயவில்லை. இறுக்கிக் கட்டிப் பிடித்துக்கொண்டார். ஊசி ஏறி இறங்கியதே தெரியவில்லை. கையைப் பிரித்தெடுக்கத்தான் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

முக்கால் மணி நேரமும் அந்தப் பையன் தலைமாட்டை விட்டு நகரவில்லை. உதடு காய்ந்தால் ஈரப் பஞ்சால் ஒற்றினான். குளிர்கிறது என்பதற்குள் போர்த்திவிட்டான். பயத்தில் புகழேந்திக்குப் பேச்சு நிற்கவில்லை. ஆபீஸ் கதை, மேலதிகாரி கதை எல்லாம் தீர்ந்து, யாரிடமும் சொல்லாததையும் சொல்லிவிட்டார்.

"எம் பொண்ணு எங்கிட்ட பேசறதில்ல தம்பி."

பையன் போர்வையை இழுத்துச் சரிசெய்தான். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "பேசுவாங்க சார்."

பதினொன்றரை மணிக்கு வார்டுக்கு வந்தார். கால்கள் இரண்டும் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன மூட்டைபோல் கிடந்தன. மனசு மட்டும் லேசாக இருந்தது.

"அருணா, உள்ள ஒரு பையன் இருந்தான். தங்கம். பெத்த புள்ள கூட அப்படிப் பாத்துக்காது."

"அப்படியா."

"நீங்க ரெண்டு பேரும் பாத்தீங்களே கவிநிலாவுக்கு ஒருத்தனை. பாத்தா இந்த மாதிரி பாக்கணும்."

"இந்த மாதிரி இருந்தா குடுப்பீங்களா?"

"நாளைக்கே குடுப்பேன்."

அருணா கதவுப் பக்கம் திரும்பினாள். "கேட்டுச்சா கவிநிலா?"

கதவருகே கவிநிலா நின்றிருந்தாள். பக்கத்தில், முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இளவரசன்.

விளங்கிக்கொள்ளப் புகழேந்திக்கு ஐந்து விநாடி ஆனது. இந்த ஆஸ்பத்திரியைத் தேடிப் பிடித்தது யார்? முழு மயக்கம் வாங்கிக்கொள்ளச் சொன்னது யார்?

"முதுகுல குத்திட்டியே அருணா."

"நான் எங்கங்க குத்தினேன்? குத்தினது டாக்டரு. மாப்ள புடிச்சிக்கினாரு."

எழுந்து வெளியே போய்விடலாம் என்று பார்த்தார். மேல் பாதி கிளம்பியது. கீழ் பாதி வரவில்லை. கவிநிலா ஓடி வந்தாள்.

"தலையைத் தூக்காதீங்கப்பா," என்று தோளை அழுத்திப் படுக்க வைத்தாள்.

அப்பா என்று கூப்பிட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. புகழேந்தி மறு பேச்சில்லாமல் படுத்தார். கண்ணோரம் கொஞ்சம் நனைந்தது. ஆனாலும் வீம்பு என்று ஒன்று இருக்கிறதே.

"மயக்கத்துல சொன்னது செல்லாது."

"மயக்கம் இடுப்புக்குக் கீழதாங்க. வாயி நல்லாத்தான் இருந்துச்சு."

"சரி சரி. கால் வரட்டும். வீட்டுக்குப் போயி நிதானமா பேசிக்கலாம்."

அருணா பையிலிருந்து அவருடைய வெள்ளைச் சட்டையை எடுத்து உதறினாள்.

"கால் வர மூணு மணி ஆகும்னாருங்க டாக்டரு. மாப்ள வீட்டுக்காரங்க ஒரு மணிக்கே வந்துடுவாங்க."