‘ர்’ மட்டும் கோயமுத்தூருக்குச் சொந்தம்

2009-ஆம் வருடம் பிப்ரவரி மாதம் திருப்பூர் தனி மாவட்டமானது. ஊரே பட்டாசு வெடித்தது. நான் வெடிக்கவில்லை. எனக்கும் மாவட்டத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று நினைத்தேன். மாவட்டம் அப்படி நினைக்கவில்லை.

என் பெயர் வர்ஷினி. பதினொண்ணாவதைப் பாதியில் விட்டவள். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, பிடிக்கவில்லை. அந்தச் சமயம் பனியன் ஆர்டர் குறைந்துபோய், திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சல் என்ற ஊரில் என் மாமா மணியன் எம்பிராய்டரி கம்பெனியை மூடினார். அங்கே துணி வெட்டிக்கொண்டிருந்த லேசர் மெஷினை எங்கள் வீட்டு முன்னறையில் இறக்கிவிட்டுப் போனார். ஐஸ்கிரீம் பெட்டி அளவு இருக்கும். அது சூடாகாமல் இருக்க அம்மாவின் சிவப்பு பக்கெட்டில் தண்ணீர் ஊற்றி, மீன் தொட்டி மோட்டார் போட்டு, குழாயில் ஓடவிட வேண்டும். புகைக்கு ஜன்னல் வழியாக ஒரு பைப்பு. மற்றபடி நல்ல மெஷின்.

அதில் நான் ஸ்டிக்கர் வெட்டக் கற்றுக்கொண்டேன். ஸ்டிக்கர் தாள் இரண்டு அடுக்கு. மேல்தாளுக்கு அடியில் பசை, அதற்கும் கீழே வழவழப்பான அடித்தாள். லேசர் மேல்தாளை மட்டும் வெட்ட வேண்டும், அடித்தாளைத் தொடக்கூடாது. இதற்குப் பெயர் ஹாஃப் கட். பவர் கூடினால் இரண்டும் போகும். குறைந்தால் எதுவுமே வெட்டாது. சரியான அளவு பிடிபட எனக்குப் பதினோரு நாளும் ஒரு கட்டுத் தாளும் ஆயிற்று. பிடிபட்ட பிறகு, ஓரத்தில் நகம் வைத்தால் போதும், முழுசாக உரிந்து வரும். டிபன் பாக்ஸுக்குப் பெயர், செல்போனுக்குப் பூ, பைக்குக்கு ‘பிரஸ்’. அப்போது பைக்கில் ‘பிரஸ்’ ஒட்டுவது ஃபேஷன். எங்கள் தெருவில் மட்டும் ஒரே மாதத்தில் ஆறு நிருபர்கள் உருவானார்கள். போலீஸ் செக்கிங் தாண்டியதும் உரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்கள். அதில் ஒருத்தருக்கு எழுதவே தெரியாது.

அம்மா சித்ரகலாவுக்கு வேறொரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பனியனில் ஓட்டை தேடித் தேடி, என்னிடமும் ஓட்டை மட்டும்தான் தெரியும் அவளுக்கு.

“மே மாசம் முடியற வரைக்கும்தான் பாப்பேன் கண்ணு. அதுக்குள்ள மெஷினு ஓடுச்சுன்னா ஓடட்டும். இல்லீன்னா அது இரும்புக் கடைக்கு, நீ டுடோரியலுக்கு.”

டுடோரியல் என்றால் மறுபடியும் கணக்கு. அதனால் மெஷின் ஓடியே தீர வேண்டும்.

மார்ச்சில் ஆபீஸ் வந்தது. நான் ஆபீசுக்குப் போகவில்லை, ஆபீஸே வீட்டுக்கு வந்தது. ‘சிறு இயந்திரம், பெயர்ப்பலகை மற்றும் தளவாட ஒழுங்குப் பிரிவு’ என்று அதற்குப் பெயர். இப்படி ஒரு பிரிவு இருப்பது, மாவட்டம் பிரிந்தபோதுதான் அதில் வேலை செய்தவர்களுக்கே தெரியவந்ததாம். வந்தவர்கள் இரண்டு பேர். ஆபீசர் ஒச்சம்மாள் மேடம், உசிலம்பட்டிப் பக்கம். உதவியாளர் நாச்சிமுத்து, நம்ம ஊத்துக்குளிக்காரர்.

“ஏத்தா, என்ன மெசினு இது?”

“லேசருங்க மேடம். ஸ்டிக்கர் வெட்டும்.”

நாச்சிமுத்து படிவத்தை விரித்தார். “‘இயந்திரம் வெட்டும்’, ‘இயந்திரம் வெட்டாது’ன்னு ரெண்டு கட்டம் இருக்குது கண்ணு. எதுல டிக் போடட்டும்?”

“மேல வெட்டும். கீழ வெட்டாது.”

“மூணாவது கட்டம் இல்லியே.”

“ரெண்டுலயும் பாதிப் பாதி போடுங்க.”

போட்டார். மேடம் அதை வாங்கி உற்றுப் பார்த்தார். “உண்மைய மட்டும் எழுதுன படிவத்த இப்பத்தான் மொத தடவையாப் பாக்குறேன். ஆனா செல்லாது.”

“ஏனுங்க மேடம்?”

“இது கோயமுத்தூர் மாவட்டப் படிவம். நீ இருக்கிறது திருப்பூர் மாவட்டம்.”

“அப்ப திருப்பூர் படிவம் குடுங்க.”

“இன்னும் அச்சடிக்கல.”

“அடிக்கற வரைக்கும்?”

“அனுமதி இல்லாத மெசின். சீல் வைக்கணும்.”

நாச்சிமுத்து பையிலிருந்து ஒரு நீளச் சீட்டை எடுத்து, எச்சில் தொட்டு, மூடியின் முன்பக்கம் ஒட்டினார். படித்துப் பார்த்தேன். ‘முத்திரையிடப்பட்டது. கோயமுத்தூர் மாவட்டம்.’

“மேடம், இதுலயும் கோயமுத்தூருன்னுதானுங்க போட்டிருக்கு. அப்ப சீலும் செல்லாதில்லீங்க?”

“செல்லாது.”

“எடுத்துரலாமுங்களா?”

“எடுக்கக் கூடாது. செல்லாதுதான், ஆனா ஒட்டியிருக்குல்ல?”

நான் போன வரைக்கும் பள்ளிக்கூடத்தில் இது வரவில்லை.

நாலு நாள் கழித்து இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். இந்த முறை செருப்பை வாசலிலேயே கழற்றினார்கள். அதிலேயே தெரிந்தது, ஏதோ காரியம் ஆக வேண்டும் என்று.

விஷயம் இதுதான். அவர்கள் ஆபீசில் பீரோ, நாற்காலி, குப்பைக்கூடை, ஃபைல், கடிதத்தாள் எல்லாவற்றிலும் ‘கோயமுத்தூர் மாவட்டம்’ என்று இருந்தது. மாற்றச் சொல்லி மேலிடத்து உத்தரவு. கூடவே, சிக்கனமாக மாற்றச் சொல்லி இன்னொரு உத்தரவு.

“‘கோயமுத்தூ’ வரைக்கும் மறைச்சு, அதுக்கு மேல ‘திருப்பூ’ன்னு ஒட்டுனாப் போதும்த்தா,” என்றார் மேடம். “‘ர்’ ரெண்டு ஊருக்கும் பொதுதானே? எம்புட்டு மிச்சம் பாரு.”

“அதுல ஒரு சிக்கல் கண்ணு,” என்றார் நாச்சிமுத்து. “அந்த ‘ர்’ கோயமுத்தூரு பெயிண்டுல எழுதுனது. சொத்துப் பிரிக்கற பட்டியல்ல ‘ர்’ நம்ம பக்கம் வரல. அதை நாம வெச்சுக்கறதுக்குத் தடையில்லாச் சான்று கேட்டு லெட்டர் போட்டிருக்கறோம்.”

“தரமாட்டேன்னா?”

“‘ர்’ரைத் திருப்பிக் குடுத்தாகோணும். அதுவும் வாங்குனது வாங்குன மாதிரியே. அதனால ஸ்டிக்கரு ஒட்டவும் ஒட்டோணும், கேட்டா சுத்தமா உரியவும் உரியோணும்.”

அப்படி ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் அவர்களுக்குத் தெரிந்து ஒன்றுதான் இருந்தது. அதற்கு அவர்களே சீல் வைத்திருந்தார்கள்.

“சீலை எடுங்க மேடம். வெட்டித் தர்றேன்.”

“எடுக்க உத்தரவு வேணும். உத்தரவு அடிக்கிற தாள்ல மாவட்டம் பேரு தப்பா இருக்கு. அத மறைக்க ஸ்டிக்கர் வேணும்.”

“ஸ்டிக்கர் வேணும்னா சீலை எடுக்கோணுங்க.”

“அப்படித்தான்,” என்றார் மேடம். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

எனக்குப் பொறுமை கிடையாது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு மெஷினுக்குப் பின்னால் போனேன். கீல் இரண்டையும் கழற்றி, மூடியைப் பின்பக்கத்திலிருந்து ஒரு சாண் தூக்கினேன். முன்பக்கம் சீல் அழகாக மடங்கிக் கொடுத்தது. இப்போது சீல்தான் கீல்.

மேடம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், “சீல் கிழிஞ்சுச்சா?”

“இல்லீங்க.”

“அப்ப மெசின் தொறக்கல. நாச்சிமுத்து, எழுதிக்கங்க.”

திறக்காத மெஷினில் பத்து நாளில் இரண்டாயிரம் ‘திருப்பூ’ வெட்டிக் கொடுத்தேன். ஆபீஸ் முழுக்க ஒட்டினார்கள். ஏப்ரல் வந்தது. கரண்ட் கட்டில் ஃபேன் நின்றது. எல்லோரும் வேர்க்க வேர்க்க நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தார்கள். உரியும் என்று நான் சொல்லியிருந்தேன். உரிந்தது. பேண்ட்டிலும் சேலையிலும் ஒட்டிக்கொண்டு சாயங்காலம் பஸ் ஏறிப் போனது.

நாற்காலிகள் மறுபடியும் கோயமுத்தூர் ஆயின. தபால் அனுப்பும் பிரிவில் இருந்தவர் கடமை தவறாதவர். கோயமுத்தூர் என்று போட்டிருந்த நாலு நாற்காலியையும் ஒரு பீரோவையும் லாரியில் ஏற்றிக் கோயமுத்தூருக்கே அனுப்பிவிட்டார். அதே வாரம் தளவாடக் கணக்கெடுப்பு. நாச்சிமுத்து குனிந்து ஃபைல் எடுத்துக்கொண்டிருந்தபோது, அவர் பேண்ட்டின் பின்பக்கம் ‘திருப்பூ’ ஒட்டியிருந்ததைப் பார்த்து, ‘நாற்காலி, ஒன்று, பழையது’ என்று பதிந்துவிட்டார்கள்.

என்னிடம் வந்து மிகவும் வருத்தப்பட்டார். “பழையதுன்னு எழுதிட்டாங்க கண்ணு.”

புது உத்தரவு வந்தது. மேடம் எங்கள் முன்னறையில் நின்று படித்தார். “ஒட்டப்படும் வில்லையானது உரியக்கூடியதாகவும், அதே சமயம் எக்காரணம் கொண்டும் உரியாததாகவும் இருத்தல் வேண்டும்.”

“மேடம், ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

“ரெண்டும் டைப் அடிச்சாச்சேத்தா.”

யோசித்தேன். எக்ஸ்போர்ட் அட்டைப்பெட்டிக்கு ஒட்டும் லேபிள் தாள் ஒன்று உண்டு. கப்பலில் ஏறி, மழையில் நனைந்து, வெளிநாடு போனாலும் பசை விடாது. மாமாவிடம் மிச்சமிருந்ததை வாங்கி, அதில் மாதிரிக்கு ஒன்று ஹாஃப் கட் போட்டேன். அடித்தாளிலிருந்து நகம் பட்டால் உரியும். ஒட்டிய இடத்திலிருந்து உயிர் போனாலும் உரியாது. உரியக்கூடியது, உரியாதது, இரண்டும் ஒரே ஸ்டிக்கரில்.

மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. “பதினெட்டு வருச சர்வீஸ்ல, ஒரு உத்தரவ எழுத்துக்கு எழுத்து நெறவேத்துன மொத ஆளு நீதான்த்தா.”

சொல்லிக்கொண்டே முதல் ஸ்டிக்கரை உரித்தார். எங்கே ஒட்டலாம் என்று சுற்றிப் பார்த்தார். நேராக என் மெஷினிடம் போய், சீலில் இருந்த ‘கோயமுத்தூ’ மேல் ஒட்டி, கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தார்.

“இப்ப சீல் செல்லும்.”

நகத்தால் கிளப்பினேன். தேங்காய் எண்ணெய் தடவிக் கிளப்பினேன். மண்ணெண்ணெய் ஊற்றிக் கிளப்பினேன். நகம்தான் பிய்ந்தது. நான் வெட்டியதிலேயே நல்ல ஸ்டிக்கர் அதுதான்.

“போகுது விடுங்க. பின்னாடி தொறந்துக்கறேன்.”

“அது செல்லாத சீல் இருந்தப்ப. செல்லுற சீலுக்கு முன்னாடி பின்னாடியெல்லாம் கெடையாது. கீலை மாட்டு.”

மாட்டினேன். அன்றைக்கு மே இருபது. அம்மா ஏற்கெனவே டுடோரியல் விண்ணப்பம் வாங்கி டிவி மேல் வைத்திருந்தாள்.

மேடம் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினார். “மிச்சம் ரெண்டாயிரம் ஸ்டிக்கர் எப்பத்தா தருவ?”

கத்தலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வேறு என்னமோ வந்தது. “தங்கள் கோரிக்கை பரிசீலனையில இருக்குதுங்க மேடம். நாளைக்கு வாங்க.”

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. “எத்தன மணிக்கு?”

“பத்து மணிக்கு மேல.”

மறுநாள் பத்துக்கு வந்தார். நான் பதினொன்றே காலுக்கு வெளியே வந்தேன். “சம்பந்தப்பட்டவங்க லீவுங்க மேடம்.”

“சம்பந்தப்பட்டவங்க யாரு?”

“நான்தானுங்க.”

“ஓ, அப்படியா,” என்று போய்விட்டார்.

மூன்றாம் நாள், மனுவைப் படிவத்தில் எழுதி மூணு காப்பி கொண்டுவரச் சொன்னேன். என்ன படிவம் என்று கேட்டார். இன்னும் அச்சடிக்கவில்லை என்றேன். “ஆமாமா, அதுக்கெல்லாம் நாளாகும்,” என்று எனக்கு அவரே ஆறுதல் சொன்னார். அன்றைக்கு அவரை வாசல் வெயிலில் நிற்க வைத்துவிட்டு, நான் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து பேசினேன். பொய் சொல்ல மாட்டேன், சுகமாகத்தான் இருந்தது.

நாலாம் நாள் நாச்சிமுத்து மட்டும் வந்தார். ஒரு கையில் உத்தரவு, இன்னொரு கையில் ஒரு தூக்குப்போசி.

“இயந்திரத்தின் பின்பக்கம் இயந்திரத்தின் பகுதியாகக் கருதப்படமாட்டாதுன்னு மேடம் கையெழுத்துப் போட்டுட்டாங்க. இனி நீங்க பின்னாடி எத்தன வாட்டி வேணுமின்னாலும் தொறந்துக்கலாமுங்க.” அதுவரைக்கும் எனக்கு ‘கண்ணு’ போட்டவர், இப்போது ‘ங்க’ போட்டார்.

“அந்தப் போசியில என்னங்க?”

“ஊத்துக்குளி வெண்ணெய்ங்க. ஊட்டுல கடைஞ்சது. மேடம் குடுத்துட்டு வரச் சொன்னாங்க. ஸ்டிக்கரு கொஞ்சம் சீக்கிரமாக் கெடைச்சா...” நெளிந்தார்.

வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெரியும். “உள்ள வெச்சுட்டுப் போங்க, பாக்கலாம்,” என்று சொன்னேன்.

ஷிப்ட் முடிந்து வந்த அம்மா போசியைத் திறந்து மோந்து பார்த்தாள். நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் கேட்டாள். நான் பின்பக்கம் கீலைக் கழற்றிக்கொண்டே சொன்னேன். மெஷின் ஓடிவிட்டது, இனி டுடோரியல் இல்லை என்றும் சொன்னேன்.

அம்மா டிவி மேல் இருந்த விண்ணப்பத்தை எடுத்துவந்து என் முன்னால் வைத்து, பேனாவைத் திறந்து கொடுத்தாள்.

“பதினொண்ணாவதை முடிக்காததுக்கே வெண்ணெய் வருது. நீ படிச்சு நெசமாலுமே ஆபீசராயிட்டீன்னா, மாட்டையே ஓட்டிட்டு வந்து வாசல்ல கட்டிப்போட்டுப் போவாங்க. கையெழுத்துப் போடு கண்ணு.”