கொல்லிமலைக்கு ஃபிளாஷ் அடித்த கதை

ஓய்வு பெற்ற ஆசிரியர் புதிதாகக் கேமரா வாங்கினால், வீட்டார் அவரைக் கண்காணிப்பில் வைக்க வேண்டும். என்னை யாரும் வைக்கவில்லை.

மகளின் கல்யாணத்தைப் பேசி முடிக்க, அம்மாபேட்டையிலிருந்து எருமப்பட்டிக்குக் காரில் போனோம். பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது, பெரியவர்கள் தலையாட்டுவதுதான் பாக்கி. எனக்கோ அன்று பௌர்ணமி என்பதே பெரிதாக இருந்தது. நிலவொளியில் கொல்லிமலைத் தொடரைப் படமெடுக்க, வழியெல்லாம் காரை நிறுத்தி இடம் பார்த்தேன். (மனைவி மடியில் பழத்தட்டு, முகத்தில் கொலைவெறி.)

மாப்பிள்ளையின் அப்பா கோழிப்பண்ணைக்காரர். பண்ணையைச் சுற்றிக் காட்டும்போதே சொன்னார்: “பொழுது சாஞ்சா இந்தப் பக்கம் டார்ச்சுகூட அடிக்க மாட்டோமுங்க சார். கோழி மெரண்டுக்கும்.”

பெரிதாகத் தலையாட்டினேன்.

பெண்கள் நகைப் பேச்சில் இறங்கியதும் பண்ணைக்குப் பின்னால் நழுவினேன். மலைத்தொடர் முழுவதும் நிலவில் தெளிவாகத் தெரிந்தது. படத்தில் மட்டும் கும்மிருட்டு. உடனே ஃபிளாஷைப் போட்டேன். (ஆயுள் முழுக்க இயற்பியல் நடத்தியவன். மைல் கணக்கில் தள்ளி நிற்கும் மலைக்கு ஃபிளாஷ்!)

மலை கண்டுகொள்ளவில்லை. கோழிகள் கண்டுகொண்டன. ஆயிரக்கணக்கில் ஒரே அலறல். கூண்டுகள் அதிர்ந்தன, முட்டைகள் உடைகிற சத்தம் கேட்டது. பதற்றத்தில் திரும்பி, கேமராவை அணைக்கப் போய், அதே பொத்தானை மறுபடி அழுத்தினேன். இன்னொரு மின்னல்!

“என்னங்க பண்ணித் தொலைச்சீங்க?” என்று மனைவி ஓடிவந்தாள். பின்னால் மகள். அவள் கோபப்படவில்லை, அழுதுவிடக் கூடாதென்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

அவர்களுக்கு முன்பே லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்திருந்த மாப்பிள்ளையின் அப்பா, கொட்டகைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். என்னைப் பார்த்தார். மலையைப் பார்த்தார்.

“ஏனுங்க சம்பந்தி, மலைக்கு வெளிச்சம் பத்தலீங்களா?”

அதுவரை ‘சார்’ என்றே அழைத்தவர். ‘சம்பந்தி’ என்று காதில் விழுந்ததும் மனைவி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

அதன்பின் பல நாள் முட்டை குறைந்ததாம். மாப்பிள்ளை சொல்லித்தான் தெரியும். சம்பந்தி இன்றுவரை வாய் திறக்கவில்லை. அதை நினைத்தால் அவர் வீட்டில் ஆம்லெட் தொண்டையில் இறங்காது.

அந்த இரண்டாவது மின்னலில் ஒரு படம் விழுந்திருந்தது. மலை இல்லை, லுங்கியைப் பிடித்தபடி, வாய் பிளந்து ஓடிவரும் ஒருவர் மட்டும். சம்பந்தி அதைச் சட்டம் போட்டுத் தன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். வருகிற விருந்தாளிகளை எல்லாம் அதன் முன்னால் நிறுத்துவார்.

“இதுதானுங்க கொல்லிமலை. எங்க சம்பந்தி எடுத்தது.”